இது எந்த வயலு, யய்யா?

இயற்கைக் கவிதை எழுத விரும்பும் உழவர்களுக்கு ஒரு பாடம்

சென்ற மாதக் கூட்டம் முடிந்து எல்லோரும் கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். பஞ்சகவ்யம், மீன் அமிலம் என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. புதிதாக இயற்கை வழிக்கு வந்திருக்கும் தம்பி ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அண்ணாச்சி, வயலைப் பத்திக் கவிதை எழுதணும்னு ரொம்ப நாளா ஆசை. ஆனா எழுத உக்காந்தா எல்லாரும் எழுதுனதேதான் வருது. பச்சைக் கம்பளம், முத்து மழைன்னு ரெண்டு வரியோட நின்னு போகுது. என்ன செய்யலாம்?"

சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினைந்து வருசத்துக்கு முன்னால் நானும் அதே இடத்தில்தான் நின்றேன். அன்று அந்தத் தம்பிக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

கொடையில் வாசித்த கவிதை

என் வயல் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையில், சிற்றாற்று வாய்க்கால் பாசனத்தில் இருக்கிறது. வரப்பில் நின்றால் மேற்கே மலை. சீசன் காலத்தில் காலையிலேயே முகத்தில் சாரல் அடிக்கும். இவ்வளவு இருந்தும் கவிதை வராமல் போகுமா? ஊர்க் கோயில் கொடையில் கவியரங்கம் வைத்தார்கள். நானும் பேர் கொடுத்து மேடையேறி வாசித்தேன்:

வெள்ளிச் சரிகையாய் வீழ்கின்ற அருவி,
பச்சைப் பட்டு விரித்த வயல்,
மழைமுகில் கண்டு மயிலாட
மனம் நிறைந்து உழவன் சிரித்தான்.

கைதட்டு விழுந்தது. துண்டு கூடப் போர்த்தினார்கள். மறுநாள் காலை, எங்கள் வயலில் நடவுக்கும் களைக்கும் வருகிற ஆச்சி கேட்டார்:

"யய்யா, நேத்து மைக்குல நீ படிச்சதக் கேட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அது எந்த வயலு?"

"நம்ம வயலுதான் ஆச்சி."

"நம்ம வயலா? இங்க எங்க மயிலு ஆடுச்சு? நாத்தங்கால்ல எறங்கி மிதிச்சுப் போட்டுட்டுல்லா போச்சு. நான்லா கம்ப எடுத்துட்டு வெரட்டுனேன். அத நீ எழுதலியே?"

எழுத்துக் கூட்டிக் கூடப் படிக்கத் தெரியாத ஆச்சி. இன்றுவரை எனக்குக் கிடைத்த நல்ல விமர்சனம் அதுதான். இந்தப் பாடம் முழுக்க அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. நீங்கள் எழுதுகிற வரியைப் பார்த்து, 'இது எந்த வயல், எந்த மாசம், எந்த நேரம்?' என்று கேளுங்கள். பதில் இருந்தால் அந்த வரி நிற்கும். எந்த ஊருக்கும் எந்த வருசத்துக்கும் பொருந்துமென்றால், அதை எழுத நீங்கள் வயலுக்குப் போகவே வேண்டாம். வீட்டில் காலண்டர் படத்தைப் பார்த்தே எழுதிவிடலாம்.

கேட்க உட்கார்ந்த ராத்திரி

ஆச்சி சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது. சரி, இருப்பதை எழுதிப் பார்ப்போம் என்று ஐப்பசியில் ஒரு ராத்திரி டார்ச்சும் நோட்டுமாக மடை ஓரத்தில் உட்கார்ந்தேன். மழை பெய்து விட்டிருந்தது. தவளைச் சத்தத்தை எழுத வேண்டும் என்பதுதான் திட்டம். சின்ன வயசில் அந்தச் சத்தத்தில் எனக்குத் தூக்கமே வராது.

அரை மணி நேரம் உட்கார்ந்தும் சத்தம் வரவில்லை. நான் அப்போது குருணை மருந்து போட்டு, தூருக்குத் தூர் யூரியா வைத்துக்கொண்டிருந்த ஆள். கேட்டதை மட்டும் எழுதிவிட்டு வந்தேன்:

வடக்கு மடையில் மோட்டார் நின்றது.
ஒரு தவளைகூட இல்லை.
யார் வீட்டிலோ டிவி ஓடுகிறது.

எனக்கு அது கவிதையாகவே தெரியவில்லை. புகார் மனு மாதிரி இருந்தது. ஆனால் அந்த நோட்டை மூடி வைக்கவும் முடியவில்லை. நான் இயற்கை வழிக்கு வந்ததற்குக் கடன், மருந்து நெடி, மண் இறுகிப் போனது என்று பல காரணம் உண்டு. இந்த மூன்று வரியும் அதில் ஒன்று. 'இயற்கையைப் பாடுகிறேன்' என்று மேடையேறியவனின் வயலில் பாடுவதற்கு எதுவும் மிஞ்சவில்லை என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதனால் சொல்கிறேன், கவிதை நோட்டும் ஒரு கணக்கு நோட்டுதான். கணக்கு நோட்டில் நாம் போட்டதும் எடுத்ததும் இருக்கும். கவிதை நோட்டில் தானாக வந்ததும், சொல்லாமல் போனதும் இருக்கும். உழவனுக்கு ரெண்டும் வேண்டும்.

நம்ம ஊர்க் கவிராயர்

இதற்கு முன்னோடி தேடி நாம் வெகுதூரம் போக வேண்டாம். தென்காசியை ஒட்டிய மேலகரத்துக்காரர் திரிகூடராசப்பக் கவிராயர். 18ஆம் நூற்றாண்டில் திருக்குற்றாலக் குறவஞ்சியை எழுதியவர். குறத்தி தன் மலையின் வளத்தைச் சொல்லும் பகுதி பள்ளிப் பாடத்தில் வந்ததால் பலருக்கும் தெரியும். ஒரு உழவனாக எனக்குப் பிடித்தது அதன் பின்பகுதி. பறவை பிடிக்கிற சிங்கன் வருகிறான். பறவைகள் எந்தெந்தப் பற்றில், எந்தெந்தக் குளத்தில் இறங்கி மேய்கின்றன என்று இடங்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறான். 'எந்த வயல்?' என்ற கேள்விக்கு அவர் அன்றைக்கே பதில் வைத்திருக்கிறார். இந்த நூலுக்காக மதுரை நாயக்க மன்னர் முத்து விசயரங்க சொக்கநாதர் அவருக்கு நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர் வந்தது. கவிதை எழுதி நன்செய் சம்பாதித்தவர் நம் பக்கத்து ஊர்க்காரர்!

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களைப் பெயரோடு சொல்கிறார். 'பல வண்ணப் பூக்கள்' என்று ஒரே வரியில் அவர் முடித்திருக்கலாம். 99 பூவுக்கும் பெயர் தெரிந்த ஆளும், கேட்டதும் அடையாளம் காண்கிற ஊரும் அன்று இருந்தன. நம் வரப்பில் நிற்கிற பூவில் எத்தனைக்கு உங்களால் பெயர் சொல்ல முடியும்? நான் முதல் தடவை எண்ணியபோது ஒன்பதோடு நின்றுபோனேன்.

இந்த மண்ணில் இன்றும் கவிதை உண்டு. ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் வாழ்ந்தபோது, வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கவிதையை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி ரசிக்கக் கற்றுக்கொடுத்தார். நம் காலத்தில் இடைகாலில் வாழும் கலாப்ரியா, குற்றாலத்தில் கவிதைப் பட்டறைகள் நடத்தியவர். தென்காசித் தெருக்களில் நடந்தபடி எழுதியவர் விக்ரமாதித்யன். இவர்களைத் தேடிப் படியுங்கள். படித்துவிட்டு அவர்களைப் போல எழுத முயலாதீர்கள். அவர்கள் பார்த்ததை அவர்கள் எழுதினார்கள். நம் வயலை நாம்தான் எழுத வேண்டும்.

முதல், கரு, உரி

தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் ஒரு முறை சொல்லியிருக்கிறார். இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்து மறந்திருப்போம். முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். கருப்பொருள் என்பது அந்த நிலத்தில் உள்ள மரம், பூ, பறவை, விலங்கு, உணவு, தொழில், பறை, தெய்வம் எல்லாம். உரிப்பொருள் என்பது அங்கே மனுசனுக்குள் நடப்பது: கூடல், பிரிதல், காத்திருத்தல், ஊடல், இரங்கல்.

இதை வயல் வேலையோடு வைத்துப் பாருங்கள். முதலில் மண்ணும் பருவமும். பிறகு அதில் வாழும் உயிர். கடைசியில் நம் லாபமும் கவலையும். இயற்கை விவசாயத்திலும் அதே வரிசைதான். தொடக்கக்காரர்கள் தலைகீழாக எழுதுகிறார்கள். 'என் நெஞ்சம் துள்ளுகிறது' என்று உரிப்பொருளில் ஆரம்பித்து, அதற்கு ஒரு மயிலையும் மேகத்தையும் கூலிக்கு அழைத்து வருகிறார்கள். நிலத்தையும் பொழுதையும் சரியாக வையுங்கள். உணர்ச்சி தானாக வந்து சேரும்.

பொழுது என்றதும் ஒரு எச்சரிக்கை. புத்தகத்தில் கார்காலம் என்றால் ஆவணி, புரட்டாசி. நம் ஊரில் கார் சாகுபடிக்கு ஆனியிலேயே நாற்றங்கால் தயாராக வேண்டும். புரட்டாசியில் அறுப்புப் பேச்சு வந்துவிடும். தென்மேற்குக் காற்று கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, ஆரியங்காவு, செங்கோட்டைக் கணவாய் வழியாக மிச்ச ஈரத்தோடு இங்கே வருகிறது. அதுதான் சாரல். பெருமழை நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வரும், அது பிசானத்துக்கு. ஆக, புத்தகத்துக் காரும் நம் காரும் ஒன்றில்லை. உங்கள் ஊர்ப் பொழுதை உங்கள் ஊரில் நின்றுதான் எழுத வேண்டும்.

ஒரு பருவச்சொல் பட்டியல்

ஜப்பானின் இயற்கை உழவர் மசானபு ஃபுகோகாவை நமக்கெல்லாம் தெரியும். 'ஒற்றை வைக்கோல் புரட்சி' 1975இல் வந்த நூல். உழாமல் விதைப்பதை மட்டும் அதில் படித்துவிட்டுப் போகிறோம். தன் ஊர்க் கோயிலைச் சுத்தம் செய்தபோது சுவரில் தூசி படிந்த பலகைகளைக் கண்டதாக அவர் அதில் எழுதியிருக்கிறார். துடைத்துப் பார்த்தால் அந்தக் கிராமத்து மக்கள் எழுதி வைத்த ஹைக்கூக்கள். அன்றைய உழவனுக்குக் கவிதை எழுத நேரம் இருந்தது, இன்றைய விவசாயத்தில் அந்த நேரம் இல்லாமல் போனது என்பது அவருடைய வருத்தம்.

உண்மையைச் சொன்னால், இயற்கை வழிக்கு மாறிய முதல் மூன்று வருசம் எனக்கு மூச்சு விடவும் நேரமில்லை. களை, ஆள் பற்றாக்குறை, 'இவனுக்குக் கிறுக்கா?' என்கிற ஊர்ப்பேச்சு. ஆனாலும் பத்து நிமிசம் இருந்தது. ஹைக்கூவுக்கு அது போதும்.

ஹைக்கூவில் 5, 7, 5 என்று 17 ஒலியசை எண்ணுவார்கள். தமிழுக்கு அந்தக் கணக்கு கட்டாயமில்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொரு வழக்கம். மரபான ஹைக்கூவில் பருவத்தைக் காட்டும் ஒரு சொல் இருக்கும். எந்தச் சொல் எந்தப் பருவத்துக்கு என்று தொகுத்த நூல்களே அங்கே உண்டு. நாமும் அப்படி ஒரு பட்டியல் போடலாம். என் நோட்டில் உள்ளது இது:

ஆனி: சாரல், நாற்றங்கால்.
ஆடி: மேல்காற்று, நடவு, முதுகு வலி.
புரட்டாசி: கார் அறுப்பு, ஈரநெல், வியாபாரி முகம்.
ஐப்பசி: அடைமழை, மறுகால் பாயும் சத்தம்.
மார்கழி: பனி, வாசலில் பூசணிப்பூ.
தை: ஆவாரம்பூ, முற்றும் கதிர்.
பங்குனி: இலவங்காய் வெடிப்பு, வைக்கோல் படப்பு.
சித்திரை: வேப்பம்பூ, நுங்கு, வற்றிய குளம்.

உங்கள் பட்டியல் வேறாக இருக்கும், இருக்கவும் வேண்டும். பத்து வருசம் எழுதினால் அதுவே ஒரு ஆவணம். எந்தப் பூ முந்திப் பூத்தது, எந்தப் பறவை வரவில்லை என்பது அதில் கிடக்கும்.

இன்றைய இயற்கையில் என்னென்ன இருக்கிறது

இந்தக் காலத்தில் இயற்கைக் கவிதை எழுதுகிறவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. அழகை மட்டும் எழுதினால் பொய். அழிவை மட்டும் எழுதினால் துண்டுப்பிரசுரம். என் வழி, கண்ணில் படுவதை ஒதுக்காமல் எழுதுவது.

அருவியையே எடுத்துக்கொள்வோம். 'வெண்ணுரை' என்று எழுதுகிறோம். எந்த நுரை? சோப்பு, ஷாம்பு, எண்ணெய் போட்டுக் குளிக்கக் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதிக்கிற அளவுக்கு நுரை பெருகிய அருவி அது. குளிக்க வந்தவருக்கு அருவி அங்கேயே முடிந்துபோகிறது. நமக்கு அங்கேதான் தொடங்குகிறது. அதே தண்ணீர் சிற்றாறாகி, வாய்க்காலாகி, குளமாகி, வயலாகி, மிச்சம் சீவலப்பேரியில் தாமிரபரணியில் சேர்கிறது. அருவியைப் பற்றி ஆயிரம் கவிதை இருக்கிறது. கடைமடைக் குளத்துக்குத் தண்ணீர் வந்த ராத்திரியைப் பற்றி எழுத நம்மை விட்டால் ஆள் இல்லை.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயது மாணவர் ஒருவரை அடித்துக்கொண்டு போனது. சீசன் தொடங்காத மாதம். அந்தச் செய்தி கேட்ட பிறகு 'வெள்ளிச் சரிகை' என்று என்னால் எழுத முடியவில்லை. மலை நமக்கு ஊட்டவும் செய்யும், அடிக்கவும் செய்யும். நம் முன்னோர்களுக்கு இது தெரியும். முல்லையும் குறிஞ்சியும் முறை தப்பி நைந்தால் பாலையாகும் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. பாலை என்று தனியாக ஒரு நிலம் இருக்க வேண்டியதில்லை. வற்றிய கிணற்றடியில் நின்றால் அது நம் வயலிலேயே இருக்கிறது.

அழகாக எழுதும்போதும் சரியாக எழுதுங்கள். சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தித் தோட்டத்தைப் பார்த்துவிட்டு, 'சூரியனைப் பார்த்தே திரும்பும் காதலி' என்று பலர் எழுதுகிறார்கள். பயிர் செய்தவரைக் கேளுங்கள். இளம் மொட்டுதான் வெயிலோடு திரும்பும். விரிந்து முற்றிய பூ கிழக்கே பார்த்தபடி நின்றுவிடும். தலை கனத்து, விடிகிற திசையை மட்டும் பார்த்து நிற்கிற பூ என்று எழுதினால் அது உண்மை. கவிதைக்கும் அதுதான் நல்லது.

பயிற்சி: ஒரு மாதம்

ஒன்று. தினமும் வேலை தொடங்கும் முன் ஒரே இடத்தில் பத்து நிமிசம் நில்லுங்கள். மடைவாய் நல்ல இடம். போன் வீட்டில் இருக்கட்டும்.

இரண்டு. அன்றைக்குப் புதிதாகக் கண்டதையோ கேட்டதையோ ஒரு வரியில் எழுதுங்கள். தேதி, நேரம், காற்றின் திசை சேர்த்து.

மூன்று. பெயர் சொல்லி எழுதுங்கள். 'பறவை' வேண்டாம், மடையான், கரிச்சான், செம்போத்து, ஆட்காட்டி என்று எழுதுங்கள். தெரியாவிட்டால் களை எடுக்க வருகிறவர்களைக் கேளுங்கள். அவர்களுக்கும் தெரியாவிட்டால் நிறத்தையும் குரலையும் எழுதி வையுங்கள்.

நான்கு. இந்த ஒரு மாதம் 'போல', 'ஆய்', 'என' இவற்றுக்கு விடுமுறை கொடுங்கள். உவமை ரசாயன உரம் மாதிரி. உடனே பச்சை காட்டும், மண்ணை மறக்கடிக்கும். பிறகு தேவைப்படும்போது தொழு உரமாக அளவோடு இடலாம்.

ஐந்து. மோட்டார், சொட்டுநீர்க் குழாய், வரப்பில் கிடக்கும் குவாட்டர் பாட்டில், கிழிந்த உரச்சாக்கு எல்லாம் இருந்தால் அவற்றையும் எழுதுங்கள்.

ஆறு. மாத முடிவில் முப்பது வரியையும் எடுத்து, மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்றை, உங்கள் வயலில் வேலை செய்கிற ஒருவருக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். 'இது எந்த வயல்?' என்று அவர் கேட்டால் திரும்ப எழுதுங்கள். 'ஆமா, அன்னைக்குக் காலையில' என்று அவர் பேச ஆரம்பித்தால் கவிதை பலித்துவிட்டது.

ஆச்சி கீரை

என் நோட்டில் நல்ல செய்தியும் உண்டு. மருந்தை நிறுத்திய மூன்றாவது ஐப்பசியில் எழுதியது:

மடைவாயில் ஒரு தவளை.
நெடுநேரம் கூப்பிடுகிறது.
பதில் சொல்ல இன்னொன்று இல்லை.

அடுத்த வருசம் பதில் வந்தது. அதற்கடுத்த வருசம் மின்மினி வந்தது. அதன் புழு நத்தையைத் தின்னும் என்பது பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. ஆனால் சின்ன வயசில் வாய்க்காலில் துண்டு போட்டு அள்ளிய அயிரை மீன் இன்னும் வரவில்லை. அந்தப் பக்கத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். களை எடுக்கும்போது ஆச்சி வரப்போரத்தில் ஒரு கீரையைக் கிள்ளி மடியில் கட்டிக்கொள்வார். சின்ன இலை, சிவந்த தண்டு, லேசான புளிப்பு. பெயர் சொன்னார். ரெண்டு மூணு தடவை சொன்னார். 'அப்புறம் எழுதிக்கிடலாம்' என்று விட்டுவிட்டேன். நாலு வருசத்துக்கு முன் ஒரு மாசி மாதம் ஆச்சி போய்ச் சேர்ந்தார். ஊரில் கேட்டேன், அவர் மகளைக் கேட்டேன். 'அம்மா பறிச்சுட்டு வரும், நாங்க திம்போம். பேரு யாருக்குத் தெரியும் அண்ணாச்சி' என்றார். என் நோட்டில் அது 'ஆச்சி கீரை' என்றுதான் இருக்கிறது. மருந்தை நிறுத்தியதால் கீரை பிழைத்தது. எழுதி வைக்காததால் பெயர் போனது.

வரப்பில் அந்தக் கீரை
மறுபடி முளைத்திருக்கிறது.
பெயர் சொல்லிக் கிள்ள ஆள் இல்லை.

தம்பி, உனக்குச் சொல்ல வந்தது இதுதான். நோட்டு வாங்க நல்ல நாள் பார்க்க வேண்டாம். நாளைக்குக் காலையில் உன் வயலுக்கு வருகிற பெரியவர்கள் யாராவது ஒருவரிடம், காலடியில் நிற்கிற ஒரு செடியைக் காட்டிப் பெயர் கேள். கேட்டதை அங்கேயே நின்று எழுது. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்த நோட்டைக் கொண்டு வா. நானும் கொண்டு வருகிறேன்.